பேர் வெட்டிய நாலடுக்கு

அம்மா காலமானது 2024-ல், எண்பத்தோராவது வயதில். அதற்கு ஏழு வருடம் முன்பிருந்தே, அவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்று நிரூபிக்க நாங்கள் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கம்பி உருட்டும் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். 1998-ல் ரிட்டயர் ஆனார். 2009-ல் போய்ச் சேர்ந்தார். 1995-ம் வருடத்துத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அவருக்கு வந்துகொண்டிருந்த பென்ஷனில் பாதி அம்மாவுக்கு வந்தது. சில நூறு ரூபாய். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் ஆயிரம் என்று அரசு உயர்த்தியபோது, மில்லையே தன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்ட மாதிரி நடமாடினாள்.

அந்த ஆயிரத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. வருடத்துக்கு ஒரு தடவையாவது உயிரோடு இருக்க வேண்டும். சும்மா இருந்தால் போதாது, சான்று வேண்டும். 2014 நவம்பரில் ஜீவன் பிரமாண் என்ற கணினி ஏற்பாடு வந்தது. ஆதாரில் பதிந்த விரல் ரேகையை மெஷினில் வைத்தால் போதும், ஆள் உயிரோடு இருப்பது டெல்லி வரைக்கும் தெரிந்துவிடும். அம்மா விரலை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“அழுத்தி வைங்க பாட்டி.”

அழுத்தினாள். சிவப்பு. ஈரத்தைத் துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. எண்ணெய்த் தலையில் ஒரு தேய் தேய்த்து வைக்கச் சொன்னார் வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர். அதற்கும் சிவப்பு. பத்து விரலும் முடிந்தன.

“ரேகை சுத்தமா தேஞ்சுபோச்சு சார். பாட்டியோட பதிவு ஏற மாட்டேங்குது” என்றான் மெஷின்காரப் பையன்.

அம்மா அவனை உற்றுப் பார்த்தாள். “அப்ப இவ்ளோ நேரமா வரிசையில நின்னது யாரு தம்பி?”

ரேகை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். நாலடுக்கு கேரியரில் போயிற்று.

அந்த நாலடுக்கின் கதை 1980-ல் தொடங்குகிறது. அப்பா மில்லில் சேர்ந்த புதிதில், கேன்டீனில் கேரியர்கள் மாறிப்போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். தன் புளிக்குழம்பை இன்னொருத்தர் சாப்பிடுவதைவிட, இன்னொருத்தி வைத்த குழம்பை அப்பா சாப்பிடுவதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. பேர் வெட்ட என்னையும் இழுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனாள். அங்கே வாங்கும் பாத்திரத்துக்குப் பேர் வெட்டக் காசு கிடையாது. அம்மா ஒரே ஒரு கரண்டி வாங்கினாள்.

“இதுல என்ன பேர் வெட்டணும்மா?”

“கரண்டிக்கு எதுக்குங்க பேரு? இதுல வெட்டுங்க” என்று பையிலிருந்த நாலடுக்கை எடுத்து நீட்டினாள். நாலு அடுக்கு, ஒரு மூடி. ஐந்து இடத்திலும் பேர் வேண்டும். கடைக்காரர் கரண்டியைப் பார்த்தார், நாலடுக்கைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பேரைச் சொல்லுங்க.”

அம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிய தலைமுறை. என்னைக் கூட்டிப்போனதே அதற்குத்தான். “டேய், சொல்லுடா.” நான் அப்பா பேரைச் சத்தமாகச் சொன்னேன், மெஷின் டர்ர் என்று புள்ளி புள்ளியாக ஐந்து முறை வெட்டியது. பின்னால் பென்ஷன் மனுவில் கணவர் பெயர் கேட்டபோதும் அதே “டேய், சொல்லுடா”தான். ஆயுசு குறைய அப்பா அப்போது இல்லை. அதனால் என்ன, பழக்கம்.

அந்த நாலடுக்கை அம்மா தேய்த்த தேய்ப்பு இருக்கிறதே, அது தனி. முதலில் தேங்காய் நாரும் சாம்பலும், பிறகு பவுடர், அதன்பின் கம்பி நார். காலை ஷிப்ட் என்றால் ஆறு மணிச் சங்குக்கு முன்னால் கேரியர் கட்டியாக வேண்டும். நாலு மணிக்கே தேய்க்கும் சத்தம் கேட்கும். நைட் ஷிப்ட் வாரங்களில் சத்தமே கூடாது. அப்பா பகலில் தூங்குவார்; தெருவே தூங்கியாக வேண்டும். உப்பு விற்பவர் எங்கள் வாசலுக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு வண்டியைத் தள்ளிப் போவார். குக்கர் விசிலடிக்க வாயெடுத்தால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவாள். அந்த வாரங்களில் வெந்தும் வேகாமலும் நாங்கள் சாப்பிட்ட பருப்புக்கு அளவே இல்லை. இத்தனை ஏற்பாட்டுக்கும் நடுவில் அப்பா விட்ட குறட்டை மூன்றாவது வீடு வரை கேட்கும். அதை மட்டும் யாரும் அடக்கவில்லை.

கட்டியவருக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாளிடம் அம்மாவின் மனு போய்விடும். 1997-ல் திருவள்ளூர் தனி மாவட்டமாகி, நாங்கள் அந்த மாவட்டத்துக்காரர்கள் ஆகிவிட்டோம். ஆனால் ரயிலில் போவதானால் சென்னைக்குள் பேசின் பிரிட்ஜ் வரை போய் வேறு வண்டி பிடித்துத் திரும்ப வேண்டும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. அம்மா பெரியபாளையம் வழியாகப் பஸ் மாறி மாறிப் போவாள். அமாவாசைக் கூட்டத்தில் நசுங்கி, ஹிருத்தாபநாசினிக் குளத்தில் வெல்லம் கரைப்பாள். கரைப்பது பாதி வெல்லம்தான், மீதி முந்தானையில் முடிச்சாக வீடு திரும்பும். ஏனம்மா என்றால், “அவரே வைத்தியர். இனிப்பு அதிகம் ஆகாதுன்னு அவருக்குத் தெரியாதா?” என்பாள்.

2022 ஜூலையில் எங்களுக்கு விடிவு வந்தது. விரல் வேண்டாம், செல்போனில் முகத்தைக் காட்டினாலே உயிர்ச் சான்று என்றார்கள். அம்மாவைத் திண்ணையில் உட்கார்த்தி வைத்துப் போனைப் பிடித்தேன். முகம் வட்டத்துக்குள் வந்தது.

“அம்மா, கண்ணைச் சிமிட்டு.”

“என்னாது?”

“கண்ணைச் சிமிட்டினாத்தான் எடுக்கும்.”

“கண்ணடிக்கச் சொல்றானா?” அம்மா முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். “உங்கப்பாவுக்கே நான் கண்ணடிச்சதில்லடா. ஆயிரம் ரூபாய்க்கு எவனுக்கோ அடிக்கணுமா?”

கால் மணி நேரம் சமாதானம் பேசினேன். கடைசியில் ஒரு கொசு வந்து கண்ணருகில் உட்கார்ந்ததால் சிமிட்டினாள். அந்த வருடப் பென்ஷன் அந்தக் கொசுவின் உபயம்.

அம்மாவின் காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, பரணிலிருந்த நாலடுக்கை இறக்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஐந்து இடத்திலும் அப்பா பேர் இல்லை. மூடியில் மட்டும் நாலைந்து புள்ளி, விரலால் தடவினால் தட்டுப்படாத அளவுக்கு. வாயால் ஒருநாளும் சொல்லாத பேரை அம்மா தினமும் கையால் தேய்த்து அழித்திருக்கிறாள். அது அவள் ரேகையை அழித்திருக்கிறது. யார் முதலில் தேய்ந்தார்கள் என்று சொல்ல முடியவில்லை.

மறுபடி பேர் வெட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனேன். குடும்ப வழக்கப்படி முதலில் ஒரு கரண்டி வாங்கினேன். கடைக்காரர் நாலடுக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “தகடு ரொம்ப மெலிஞ்சுபோச்சு சார். மெஷின் வெச்சா ஓட்டை விழுந்துடும்.”

இங்கேயும் மெஷின் கையை விரித்துவிட்டது.

“சரி, கரண்டியிலயே வெட்டுங்க.”

“என்ன பேர் சார்?”

அம்மா பேரைச் சொன்னேன். எங்கள் வீட்டில் அம்மா பேர் வெட்டிய பாத்திரம் அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கொடுத்து, “பார்த்துத் தேய்ம்மா, பேர் அழிஞ்சிடப்போகுது” என்றேன். “அப்படின்னா நீங்களே தேயுங்க” என்றாள். ஆறு மாதமாக நான்தான் தேய்க்கிறேன். ஒரு புள்ளிகூட அழியவில்லை. அம்மா பார்த்தால், “இதெல்லாம் ஒரு தேய்ப்பாடா?” என்று பிடுங்கிக்கொண்டு போயிருப்பாள்.