மாவிலைக்கு 25 சதுர அங்குலம்

அமெரிக்காவில் வீடு உங்களுடையது. முப்பது வருஷக் கடனும் உங்களுடையது. வாசல் கதவுக்கு என்ன பெயிண்ட் என்பதை மட்டும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் கமிட்டி சொல்லும். விண்ணப்பம் போட்டு, நிற மாதிரியை இணைத்து, வேலியின் உயரத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பழுப்பில் எத்தனையோ வகை உண்டு. எந்தப் பழுப்பை வேண்டுமானாலும் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கலாம்! கொடி கட்டித் துணி காயப்போட்டால் தெருவின் மானமே போய்விடுமாம். மனிதர்கள் ஜட்டி போடுகிறார்கள் என்பது வெளியே தெரியக் கூடாது.

டெக்சாஸில் கதவில் சாமி படம் மாட்டும் உரிமைக்கே 2011இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. அதிலும் அளவு வைத்தார்கள்: மொத்தம் 25 சதுர அங்குலம். மீறினால் சங்கம் தடுக்கலாம். தோரணத்தை விடுங்கள், நல்ல நீள மாவிலை ஒன்றே ஒதுக்கீட்டைத் தின்றுவிடும். 2021இல்தான் ஸ்கேலைக் கீழே வைத்தார்கள்.

வேன் பார்ஃபுட் 1944இல் இத்தாலியில் ஜெர்மன் டாங்கியை எதிர்த்து நின்று, நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்றவர். 2009இல், 90 வயதில், வர்ஜீனியாவில் தன் வீட்டின் முன் 21 அடிக் கம்பம் நட்டுத் தேசியக் கொடி ஏற்றினார். கம்பத்தைப் பிடுங்கு என்று வக்கீல் கடிதம் வந்தது, பார்வைக்குப் பொருந்தவில்லையாம். வெள்ளை மாளிகை வரை பேச்சு போன பிறகே சங்கம் வாலைச் சுருட்டியது.

இந்தத் திமிர் நேற்று முளைத்ததல்ல. கான்சாஸ் சிட்டியில் ஜே.சி. நிக்கல்ஸ் நூறு வருஷத்துக்கு முன் மனை விற்ற பத்திரங்களில், வீடு தெருவிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதோடு கறுப்பர்கள் குடியேறக் கூடாது என்பதும் இருந்தது. அதைக் கோர்ட்டுகள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1948இல். தோலின் நிறம் பார்த்த கண்ணுக்கு இப்போது சுவரின் நிறம்தான் மிச்சம்.

கேட்டால், “தெருவில் உள்ள வீடுகளின் மதிப்பைக் காப்பாற்றுகிறோம்” என்பார்கள். டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில் ஒரு ராணுவ அதிகாரி இராக்கில் இருந்தபோது, சுமார் 800 டாலர் சந்தா பாக்கிக்காக அவர் வீட்டைச் சங்கம் ஏலத்துக்கு விட்டது. குடும்பம் வழக்காடித்தான் அதை மீட்டது. கடனே இல்லாத, மூன்று லட்சம் டாலர் பெறும் வீடு. ஏலத்தில் சங்கம் காப்பாற்றிய மதிப்பு, 3,500 டாலர்.