பன்னிக்குட்டி களவாண்ட பட்டதாரி

என்ன மாப்ளே, மூஞ்சி இப்படித் தொங்கிக் கெடக்கு? உம்ம பையன் இன்ஜினியரிங் வேண்டாம்னுட்டானா? ஏதோ லிபரல் ஆர்ட்ஸ் காலேஜாம், பௌதிகமும் படிக்கலாமாம், பாட்டும் படிக்கலாமாம், வரலாறும் படிக்கலாமாம். போச்சு, குடி முழுகிருச்சு. உக்காரும். யோசனை கேட்டு வந்துட்டீரு, சொல்லுதேன். நல்ல யோசனைதானான்னு மட்டும் எங்கிட்டக் கேக்காதீரும்.

அமெரிக்காவுல ஐயோவான்னு ஒரு மாகாணம். மக்காச்சோளமும் பன்னியும்தான் அங்க பொழப்பு. அந்தச் சோளக்காட்டுக்கு நடுவுல கிரின்னெல்னு ஒரு சின்ன ஊரு, அதே பேருல ஒரு காலேஜு. 1846-ல பாதிரிமாரு வேறொரு ஊருல ஆரம்பிச்சு, பெறகு இங்க கொண்டாந்தது. 1882-ல சூறாவளி அடிச்சுக் கட்டடத்தையெல்லாம் வாரிட்டுப் போச்சு. மறுபடியும் கட்டினாங்க. இன்னைக்கும் மொத்தப் பிள்ளைக 1,700 சொச்சந்தான்.

அங்க ராபர்ட் நாய்ஸ்னு ஒரு பாதிரியார் மகன் படிச்சான். 1948-ல ஹாஸ்டல் பயக, ஹவாய்த் தீவு மாதிரி விருந்து வைக்கணும்னு கிளம்பினாங்க. அந்த விருந்துக்குப் பன்னி சுடணுமாம். நம்மாளும் இன்னொருத்தனும் ராத்திரியோட ராத்திரியா பக்கத்துப் பண்ணையில பூந்து ஒரு குட்டியைத் தூக்கிட்டு வந்துட்டாங்க. தின்னு ஏப்பம் விட்டாச்சு. பேசாம இருந்திருக்கலாமில்ல? மறுநாள் சம்சாரிகிட்டயே போயி, நாங்கதான் எடுத்தோம், என்ன விலைன்னு சொல்லும், தந்துருதோம்னு நின்னிருக்கானுக. களவாங்கத் தெரிஞ்ச பயலுக்கு ஒளிக்கத் தெரியலை பாரும், பாதிரியார் வளர்ப்பு.

பன்னியை நம்பிப் பொழைக்கிற சீமையில பன்னித் திருட்டுன்னா செயிலுக்குப் போற குத்தம். கிராண்ட் கேல்னு பௌதிக வாத்தியாரு, காலேஜுத் தலைவரோட சேர்ந்து சம்சாரியைச் சமாதானம் பண்ணி, ஒரு பருவம் மட்டும் பயலை வெளிய அனுப்புறதோட முடிச்சுவச்சாரு. பய நியூயார்க்குக்குப் போயி இன்சூரன்ஸ் கம்பெனியில கணக்குப் பார்த்துட்டு வந்து சேர்ந்தான்.

இந்தக் கேல் வாத்தியாரு சும்மா கெடக்கிற ஆளில்ல. டிரான்சிஸ்டரைக் கண்டுபிடிச்ச மூணு பேருல ஜான் பார்டீன் அவருக்குப் பழக்கம். பெல் ஆய்வுக்கூடத்துத் தலைவரு ஆலிவர் பக்லியோ இதே காலேஜுல படிச்சவரு. அந்த உறவைப் பிடிச்சு, அப்பத்தான் பிறந்த டிரான்சிஸ்டரைச் சோளக்காட்டுக்கு வரவழைச்சுட்டாரு. பெரிய பெரிய யுனிவர்சிட்டியில பல பேரு அதைக் கண்ணால பார்க்காத காலம் அது. பன்னித் திருடன் அதைப் பார்த்துச் சொக்கிப்போனான். எம்ஐடியில டாக்டர் பட்டம் வாங்கினான். 1959-ல, ஒரே சில்லுல முழு மின்சுற்றையும் அடக்குற வழியைச் சொன்னான். 1968-ல கார்டன் மூரோட சேர்ந்து இன்டெல் கம்பெனியை ஆரம்பிச்சான். உம்ம பையன் ராப்பகலா நோண்டுதானே போனு, அதுக்குள்ள இருக்கிற சில்லுக்கு இவன்தான் ஒரு தகப்பன்.

அந்தக் கம்பெனிக்கு முதல் போட, காலேஜும் அதோட அறங்காவலர்களுமா 3 லட்சம் டாலர் தந்தாங்க. 1980-ல அந்தப் பங்கை வித்தப்போ கிட்டத்தட்ட 1.4 கோடி டாலர். வட்டி குட்டி போடும்னு கேள்விப்பட்டிருக்கேன். பன்னிக்குட்டி இப்படி வட்டி போட்டதை அங்கதான் பார்த்தேன்.

அங்க படிச்ச மத்தவங்க கதையையும் கேளும். 1912-ல பட்டம் வாங்கின ஹாரி ஹாப்கின்ஸ், பஞ்ச காலத்துல ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு வலது கை. நம்ம நூறுநாள் வேலை மாதிரி ஒரு திட்டத்தை 1935-ல தொடங்கி நடத்தினாரு. ரோடு, பாலம், பள்ளிக்கூடம்னு அந்தத் திட்டத்துல மொத்தம் 85 லட்சம் பேருக்கு மேல வேலை பார்த்தாங்க. ஹெர்பி ஹான்காக் இன்ஜினியரிங் படிக்கப் போயிப் பியானோவுல போயி விழுந்தாரு. அந்த அப்பாவும் அன்னைக்கு உம்மள மாதிரித்தான் தொங்கின மூஞ்சியோட இருந்திருப்பாரு. தாமஸ் செக் 1970-ல வெளிய வந்து, 1989-ல வேதியியல் நோபலைப் பகிர்ந்துகிட்டாரு. சினிமாக்காரர் கேரி கூப்பர் பட்டம் வாங்காமலே ஓடிப்போனவரு. ஓடினவன் பேரு எடுத்துட்டா காலேஜு அவனையும் விடாது, எங்க பிள்ளைம்பாங்க.

புத்தியுள்ள பய எங்க படிச்சாலும் தேறுவாம்னு இழுக்கீரு, புரியுது. பாதி சரிதான். பேரு எடுத்த நாலு பேரை வச்சு ஒரு காலேஜை எடை போட்டா, மிச்சம் ஆயிரக்கணக்கான பேரு வாத்தியாராவும் வக்கீலாவும் ஆபீசு ஆளாவும் போனதை யாரு கணக்கெடுக்கிறது? அந்தப் படமெல்லாம் வாசல்ல மாட்ட மாட்டாங்க.

மிச்சப் பாதியையும் பாரும். பத்தாயிரம் பேரு படிக்கிற எடத்துல பன்னி களவாண்டவனுக்கு வீட்டுக்கு ஒரு ஓலை வரும், டிசி கையில வரும், கதை முடிஞ்சது. இவனுக்கு ஒரு வாத்தியாரு பரிஞ்சு பேசினாரு, ஏன்னா இவன் யாருன்னு அவருக்குத் தெரியும். அவன் திரும்பி வந்த நேரத்துக்கு அவன் கையில வைக்க ஒரு டிரான்சிஸ்டரும் அவர்கிட்ட இருந்துச்சு. எனக்கென்னவோ, சின்னக் காலேஜோட சரக்கு அம்புட்டுத்தான்னு தோணுது. அது இல்லாத சின்னக் காலேஜு வெறும் சின்னக் கட்டடம். பீசு மட்டும் பெருசா இருக்கும்.

அதனால நாளைக்கு அந்தக் காலேஜுக்குப் போறீருல்ல, வாசல்ல மாட்டின படத்தைப் பார்த்து வாயைப் பொளக்காதீரும். ரெண்டாம் வருசப் பய ஒருத்தனைக் காட்டி, இவன் பேரென்னன்னு வாத்தியாரைக் கேளும். பட்டுனு சொல்லிட்டா பணத்தைக் கட்டும். ரிஜிஸ்டரைத் தேடினாருன்னா, பையனைக் கூட்டிக்கிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியும்.