பந்து ஒன்று, பதவி பல

அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆடும் கால்பந்து நம்மூர்க் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்து, பக்கத்துக்குப் பதினொரு பேர், நான்கு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும். எத்தனை சனிக்கிழமை பார்த்தாலும் பிடிபடாதது, எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்களின் பதவிப் பெயர்கள்தான். தலைமைப் பயிற்சியாளர் ஒருவர், சரி. அவருக்குக் கீழே அசோசியேட் ஹெட் கோச் ஒருவர், அசிஸ்டன்ட் ஹெட் கோச் இன்னொருவர். தாக்குதலுக்கு ஒரு கோஆர்டினேட்டர். சில இடங்களில் அவருக்கு இணையாக ஒரு கோ-கோஆர்டினேட்டர். பந்தோடு ஓடும் ஆட்டத்துக்குத் தனி கோஆர்டினேட்டர், பந்தை வீசும் ஆட்டத்துக்குத் தனி கோஆர்டினேட்டர். தாக்குதல் என்றாலே ஓடுவதும் வீசுவதும்தான். இரண்டையும் எடுத்துக்கொடுத்த பிறகு முதல் கோஆர்டினேட்டரிடம் மிஞ்சுவது வாகனம் நிறுத்தும் இடம் மட்டுமே. அசோசியேட் பெரியவரா, அசிஸ்டன்ட் பெரியவரா என்றால், போன டிசம்பரில் வேறொரு பல்கலைக்கழகம் யாருக்குத் தூது விட்டதோ அவரே பெரியவர். என் கட்சி இதுதான்: இந்தப் பதவிகள் வேலையைப் பிரிப்பதற்காக உண்டானவை அல்ல. வரப்போகும் புகழையும் பழியையும் முன்கூட்டியே பாகம் பிரித்து வைக்கும் பத்திரங்கள் அவை.

வேலையைப் பிரிப்பதுதான் நோக்கமென்றால் கணக்கு இப்படி இருக்காது. பல்கலைக்கழக விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ., மேல்தட்டு அணிகளுக்கு நெடுங்காலம் ஒன்பது உதவிப் பயிற்சியாளர்களையே அனுமதித்தது; 2018 ஜனவரியில் பத்தாவது ஆள் வந்தார். தாக்குதலில் இறங்கும் பதினொருவரில் ஐந்து பேர் முன்வரிசைத் தடியர்கள். அந்த ஐவருக்கும் பொதுவாக ஒரே பயிற்சியாளர். பின்னால் நின்று பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஒருவர். அந்த ஒருவருக்கும் ஒரு பயிற்சியாளர், அதுவும் பெரும்பாலும் கோஆர்டினேட்டரே நேரில். உதைக்கும் கட்டங்களுக்கென்று இறங்கும் ஸ்பெஷல் டீம்ஸ் பல அணிகளில் அநாதைப் பிள்ளை மாதிரி, டைட் எண்ட் எனப்படும் ஓர வீரர்களின் பயிற்சியாளரின் இடுப்பில் கூடுதல் சுமையாக ஏறிக்கொள்ளும். வர்ஜீனியா டெக்கில் ஃபிராங்க் பீமர் தலைமைப் பயிற்சியாளராக இருந்துகொண்டே அந்தப் பிள்ளையைத் தானே வளர்த்தார். உதையைத் தடுத்தே ஆட்டத்தைத் திருப்பும் அந்தப் பாணிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற தலைவர்கள் ஏன் அப்படிச் செய்வதில்லை என்று யோசித்தால் விடை சுலபம்: தானே எடுத்துக்கொண்ட வேலையில் தோற்றால் யாரை மாற்றுவது?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. ஆட்டம் நிஜமாகவே நுணுக்கமானது, ஒருவரால் எல்லாவற்றையும் சொல்லித்தர முடியாது என்பார்கள். உண்மை. ஒரு காலத்தில் அதே பதினொருவர் தாக்கவும் தடுக்கவும் செய்தார்கள். 1945இல் ராணுவ அணிக்கு எதிராக மிச்சிகனின் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர், தாக்க ஒரு கூட்டம், தடுக்க ஒரு கூட்டம் என்று வீரர்களை இரண்டாகப் பிரித்தார். நடுவில் 1953இல் விதியை இறுக்கிப் பழைய முறைக்குத் திரும்பினார்கள். 1965இல் தடை நீங்கியது. ஒரே வேலையை மட்டும் செய்யும் வீரன் வந்த பின், அந்த ஒரே வேலையை மட்டும் சொல்லித்தரும் வாத்தியாரும் வரத்தானே வேண்டும்? வரட்டும். முன்வரிசைக்கு ஒருவர், ஓடுபவருக்கு ஒருவர் என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் கிரிஸ்லர் பிரித்தது வீரர்களை. ‘இணை’, ‘துணை’, ‘அசோசியேட்’ என்ற முன்னொட்டுகளுக்கு மைதானத்தில் எந்த வீரனும் கிடையாது. நேர்மையான ‘இணை’ என்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பழம்பெரும் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், 1947இல் தன் எண்பதுகளில், பென்சில்வேனியாவின் சஸ்குவஹானா பல்கலைக்கழகத்தில் மகனோடு இணைப் பயிற்சியாளரானார். அப்பாவைத் துணை என்று போட எந்த மகனுக்குத்தான் மனம் வரும்?

அப்பா-மகன் என்றதும் அயோவாவுக்குப் போகாமல் இருக்க முடியாது. என் வாதத்துக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. கிர்க் ஃபெரன்ட்ஸ் 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளர். 2017இலிருந்து தாக்குதல் கோஆர்டினேட்டர், அவர் மகன் பிரையன் ஃபெரன்ட்ஸ். ரத்த உறவினர் ஒருவர் இன்னொருவருக்கு மேலதிகாரியாக இருக்கலாகாது என்பது பல்கலைக்கழக விதி. ஆகவே மகன் அப்பாவுக்குக் கீழ் அல்ல. விளையாட்டுத் துறை இயக்குநருக்குக் கீழ். தலைமைப் பயிற்சியாளரின் பாதி அணியை நடத்துபவர், தாளில் அவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரே அல்ல! தாக்குதல் தடுமாறியதால் 2023இல் மகனின் ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள்: சம்பளம் 8,50,000 டாலராகக் குறைந்தது, ஏழு வெற்றி வேண்டும், ஆட்டத்துக்குச் சராசரி 25 புள்ளி வேண்டும், இல்லையேல் வேலை முடிந்தது. இதில் ரசிக்கத்தக்க நுணுக்கம், தடுப்பு அணி எடுக்கும் புள்ளிகளும் தாக்குதல் கோஆர்டினேட்டரின் கணக்கில் சேரும் என்பது. பழியைப் பங்கிட்டவர்கள் கொஞ்சம் கருணையையும் உள்ளே வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கருணையும் கைகொடுக்கவில்லை. சராசரி 15.4இல் நின்றது, பருவம் முடிவதற்கு முன்பே, அக்டோபரிலேயே, அடுத்த ஆண்டு அவர் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் அணி தோற்றதா? பத்து ஆட்டம் வென்றது. அதே ஆண்டு நாட்டின் சிறந்த உதவிப் பயிற்சியாளருக்கான பிராயில்ஸ் விருது அதே அயோவாவின் தடுப்பு கோஆர்டினேட்டர் ஃபில் பார்க்கருக்குப் போனது. சிறந்த பன்ட்டருக்கான விருதும் அதே அணிக்கு. பன்ட் என்பது, இனி நம்மால் ஆகாது என்று பந்தை எதிரணிக்கே உதைத்து அனுப்பும் கலை. அயோவா வீரருக்குப் பழகிப் பார்க்க வாய்ப்புக்குக் குறைவே இருந்ததில்லை.

பொறுப்பு தெளிவாக இருந்ததால்தானே தவறு செய்தவர் வெளியேறினார், முறை வேலை செய்ததற்கு இதுவே சான்று அல்லவா என்று கேட்கலாம். அந்தப் பருவத்தில் அயோவாவின் முதல் குவார்ட்டர்பேக் செப்டம்பரிலேயே காயம்பட்டு வெளியேறினார். அபாயம் தவிர்த்து, தடுப்பை நம்பி ஆடுவது தலைமைப் பயிற்சியாளரின் நெடுநாள் பாணி. காரணங்கள் பல பேர் மீது சிதறிக் கிடந்தன; எண் மட்டும் ஒருவர் கழுத்தில் தொங்கியது. 25 என்ற அந்த எண்ணை அப்பாவின் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நானும் அதைப் பொறுப்பு என்றே சொல்லியிருப்பேன்.

புகழின் பாகப்பிரிவினை இதைவிட வேடிக்கை. 2019இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகமான எல்.எஸ்.யூ. பதினைந்துக்குப் பதினைந்து வென்று பட்டம் எடுத்தது. தாக்குதல் கோஆர்டினேட்டர் ஸ்டீவ் என்ஸ்மிங்கர். பிராயில்ஸ் விருதோ வீச்சு ஆட்டக் கோஆர்டினேட்டர் ஜோ பிரேடிக்கு. பிரேடி அடுத்த மாதமே தொழில்முறை அணிக்குப் போய்விட்டார்; மறு ஆண்டு எல்.எஸ்.யூ. ஐந்து வென்று ஐந்து தோற்றபோது வீட்டில் இருந்தவர் என்ஸ்மிங்கர், பொறுப்பும் அவரிடமிருந்து போனது. கொலராடோவில் 2023 நவம்பரில் டியோன் சாண்டர்ஸ், கோஆர்டினேட்டர் ஷான் லூயிஸிடமிருந்து ஆட்டம் சொல்லும் உரிமையைப் பிடுங்கி, அனலிஸ்டாக வந்திருந்த பாட் ஷர்மரிடம் கொடுத்தார். பதவி ஒருவரிடம், வேலை இன்னொருவரிடம். மிச்சமிருந்த நான்கு ஆட்டத்திலும் தோல்வி.

அனலிஸ்ட் என்ற இனம் தனிப் பாராட்டுக்குரியது. உதவிப் பயிற்சியாளர் வரம்பைத் தாண்டி ஆள் வைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த வாசல் அது. அவர் படம் பார்க்கலாம், குறிப்பெழுதலாம், மற்றப் பயிற்சியாளர்களுக்கு யோசனை சொல்லலாம். வீரனுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லித்தரக் கூடாது என்பது அன்றைய விதி. டென்னசி பல்கலைக்கழகம் 2017இல் நீக்கிய தலைமைப் பயிற்சியாளர் புட்ச் ஜோன்ஸ், ஈட்டுத்தொகையாக 80 லட்சம் டாலருக்கு மேல் வர வேண்டியிருக்க, மறு ஆண்டு அலபாமாவில் ஆண்டுக்கு 35 ஆயிரம் டாலருக்கு அனலிஸ்ட் ஆனார். நேற்றுவரை ஓர் அணியையே கட்டியாண்டவர், இன்று பத்தொன்பது வயதுப் பையனிடம் ‘முழங்காலை மடக்கு’ என்று சொன்னால் விதிமீறல். வேலைக்கும் பதவிக்கும் சம்பந்தம் இருந்தால் இந்த அவலம் நடக்குமா? 2024இல் என்.சி.ஏ.ஏ. இந்தத் தடையை எடுத்துவிட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் சொல்லித்தரலாம், ஊர் ஊராகப் போய் ஆள் பிடிப்பதற்குத்தான் வரம்பு. அனலிஸ்ட் என்ற மறைப்புக்கு இனித் தேவை இல்லை. ஆனாலும் பதவிப் பெயர்கள் இளைத்துவிடவில்லை.

கடைசியாக வரும் மறுப்பு பணத்தைப் பற்றியது: நல்ல ஆளைத் தக்கவைக்கப் பட்டம் மலிவான வழி, அவ்வளவுதானே? மலிவு பார்க்கும் இடமா அது? 2018இல் எல்.எஸ்.யூ. தன் தடுப்பு கோஆர்டினேட்டர் டேவ் அராண்டாவுக்கு ஆண்டுக்கு 25 லட்சம் டாலர் கொடுத்தது. பணத்தையும் கொடுத்துப் பட்டத்தையும் கொடுக்கிறார்கள் என்றால், பட்டம் வேறெதற்கோ தேவைப்படுகிறது. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா பெயர் வரிசை சமையலுக்கு உதவுவதில்லை. ஆனால் சாம்பார் கரிந்துபோனால் யாரை முறைக்க வேண்டும் என்பதைச் சபை அந்த வரிசையிலிருந்துதான் தெரிந்துகொள்கிறது.

இத்தனைக்கும் நடுவே, வேலை இன்னதென்று ஐயமே இல்லாத ஒருவர் எல்லைக்கோட்டில் நிற்கிறார். பெரும்பாலும் உடற்பயிற்சி ஆசிரியர்தான் அவர். கெட்-பேக் கோச் என்பார்கள். கோபத்தில் மைதானத்துக்குள் பாயும் தலைமைப் பயிற்சியாளரின் இடுப்பு வாரைப் பிடித்துப் பின்னால் இழுப்பது அவர் பணி. முதல் தடவை நடுவர் எச்சரிப்பார். அடுத்த தடவை ஐந்து கெஜம் தண்டம். அயோவா அவரோடு எண் போட்டு ஒப்பந்தம் எழுதியிருந்தால், சராசரி பார்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது.