சாவி எங்கப்பா?

வாப்பா, மாடி வூடு கட்டி முடிச்சிட்டியாமே! பாத்தேன். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வராண்டாவுக்கு கிரில் கேட்டு, மாடிப்படிக்கு இன்னொரு கேட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூட்டு. திருடன் வந்தான்னா பாவம், அழுதுகிட்டேதான் திரும்பிப் போவான். அப்படி உள்ள என்னதான் வச்சிருக்கன்னு எனக்கே ஆசையா இருக்குது.

ராத்திரி உள்ள தீப்புடிச்சா நீ எப்படிப்பா வெளிய வருவ?

எங்க கூரை வூடு சட்டுனு எரியும், ஒத்துக்கிறேன். ஆனா தோட்டத்துப் பக்கம் தட்டிய ஒரு ஒதை வுட்டா வழி. உன் கம்பிய ஒதைச்சுப் பாரு, கால்தான் ஒடியும்.

சாவி எங்கன்னு மருமவளக் கேட்டா "அவருகிட்ட"ன்னுது. உன்னக் கேட்டா "அவகிட்ட"ன்ற. நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் நெருப்பு திண்ணையில குந்தியிருக்குமா? ஃபெஞ்சல் புயலுக்காச்சும் முன்கூட்டி டிவியில சொன்னான். இதுக்கு எவன் வந்து சொல்லுவான்?

இன்னொண்ணு. விடியறதுக்கு முந்தி அளத்துக்கு உப்பு வாரப் போறவங்க, தூங்குற புள்ளைங்கள உள்ள வச்சு வெளிய பூட்டிட்டுப் போறாங்களே, பத்திரமா இருக்கட்டும்னு... இதுல எனக்கு சிரிப்பு வரல. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில, மனசு சரியில்லாதவங்களக் கட்டிப்போட்டிருந்த கொட்டாய் தீப்புடிச்சு 28 பேரு செத்தாங்க. அவங்களுக்கும் பத்திரத்துக்குன்னுதான் சங்கிலி. 2004 ஜூலை 16, கும்பகோணம் பள்ளிக்கூடம். சத்துணவு ஆக்குற எடத்து நெருப்பு மேல்மாடி கீத்துல ஏறிச்சு. எறங்கி ஓட சரியான வழியில்ல. 94 புள்ளைங்க.

அதனால, சாவிக்கு ஒரே ஆணி. எல்லாருக்கும் தெரிஞ்ச ஆணி, ஜன்னல் வழியா கைவுட்டா எட்டாத ஆணி. ஒரு ஜன்னல் கம்பியையாச்சும் உள்ளேர்ந்து தொறக்குற மாதிரி வெல்டிங்காரன்கிட்ட மாத்திக்க. பொகை மேலதான் கட்டும். தவழ்ந்து வா, மானம் போவாது. கேஸ் நாத்தம் அடிச்சா சுவிட்சுல கை வைக்காத. ரெகுலேட்டர மூடு, கதவத் தொற. கேஸு காத்தவிட கனம், தரையோட தரையா தேங்கி நிக்கும்.

வெளிய வந்தா எல்லாரும் தெருமுனை வேப்பமரத்தடி. தலைய எண்ணு, 101க்கு போன் போடு. பட்டாவ வுட்டுட்டேன்னு திரும்ப உள்ள ஓடாத. பட்டாவுக்கு தாலுக்கா ஆபீஸ்ல நகல் குடுப்பான். உனக்கு நகல் குடுக்க அங்க ஆளில்ல.

ஞாயித்துக்கிழம ராத்திரி லைட்ட அணைச்சிட்டு எல்லாரும் ஒருவாட்டி ஓடிப் பாருங்க. ஆயாவ யாரு தூக்குறதுன்னு கேட்டதும் அண்ணன் தம்பி மூணு பேரும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாப்பீங்க. அந்தப் பஞ்சாயத்த பகல்லயே முடிச்சிக்குங்க. ஆயாவுக்குக் காது நல்லாக் கேக்கும்.