தலைதூக்க மறுத்த கம்பி

ரேடியோவைப் போட்டால் வண்டியின் பின்பக்கத்தில் ஒரு கம்பி தானாக எழுந்து நிற்கும். நிறுத்தினால் அடக்கமாக உள்ளே போய்விடும். 1989-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லெக்சஸ் எல்எஸ் 400-க்கு இந்த மரியாதையும் உண்டு. பண்பலையைப் பிடிக்க முக்கால் மீட்டர் கம்பி போதும். அதை ஏற்றி இறக்க ஒரு மோட்டார், ஒரு பல்சக்கரம், பல் வைத்த நைலான் கயிறு. கையால் இழுத்தால் கௌரவம் என்னாவது?

கயிறு ஒருநாள் அறும். மோட்டாருக்குச் சேதி போகாது. அது பாட்டுக்குக் கறகறவென்று சுற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டிலேயே சரிசெய்யத் துணிந்தவர் மேல் நட்டைக் கழற்றி ரேடியோவைப் போடச் சொல்கிறார். மோட்டார் பழைய கம்பியைத் துப்புகிறது. புதுக் கயிற்றின் பற்களைச் சரியான பக்கம் திருப்பி நுழைத்துவிட்டு, “ம், நிறுத்து!” என்கிறார். உள்ளே மனைவி ரேடியோவை நிறுத்த, மோட்டார் கயிற்றை நூடுல்ஸ் போல உறிஞ்ச வேண்டும். பற்கள் மறுபக்கம் பார்த்தால் உறிஞ்சாது, சும்மா முனகும். அறுந்த துண்டு அடியில் தங்கிவிட்டாலோ மோட்டார் பெட்டியையே பிரிக்க வேண்டியதுதான். (ஞாயிற்றுக்கிழமை அதோடு சரி.)

மாலையில் கம்பி கம்பீரமாக எழுகிறது. வண்டிக்குள் மனைவி கைபேசியில் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறார்.