கிரீடம் யாருக்கு?

கேள்வி: போர், சூழ்ச்சி நிறைந்த நாவல்கள் படமாகும்போது கதையின் கரு பிழைக்கிறதா? 'பொன்னியின் செல்வன்' பார்த்தபின் வந்த சந்தேகம்.
– வாசகர், முசிறி

பதில்: பிழைக்கிறது, சில தையல்களோடு! கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய தொடரில் போர்க்களத்தைவிட ஒற்றர், ஓலை, சுரங்கப்பாதைதான் அதிகம். மணிரத்னமோ படத்தின் முதல் பாகத்தை 2022-இல் ராஷ்டிரகூடர்களோடு சண்டையில் தொடங்கி, இரண்டாம் பாகத்தை 2023-இல் அவர்களோடு சண்டையிலேயே முடித்தார். பெரிய திரைக்கு ஓலை போதாதே!

அதைக்கூட மன்னிக்கலாம். நாவலில் சோழ இளவரசன் அருண்மொழி தனக்கு வந்த கிரீடத்தைச் சூட்டுவது, பூத்தொண்டு செய்யும் சேந்தன் அமுதனுக்கு. அவன்தான் அரியணைக்கு உரிய நிஜ மதுராந்தகன். படத்திலோ, அரியணைக்காகச் சதி செய்த மதுராந்தகனுக்கே கிரீடம். கேட்டவருக்கே நாற்காலி கிடைத்தால் அது தியாகமா, தொகுதி உடன்பாடா?

ஜெர்மானியர்களும் சளைத்தவர்கள் அல்ல. எழுத்தாளர் ரெமார்க்கின் முதலாம் உலகப்போர் நாவலை 2022-இல் படமாக்கியபோது, சிப்பாய் விடுப்பில் ஊர் திரும்பும் பகுதியையே வெட்டிவிட்டார்கள். சொந்த வீட்டிலேயே அவன் அந்நியனாக உணரும் அந்த இடம்தான் நாவலின் உயிர். குண்டுச் சத்தம் மட்டும் குறையவில்லை.

கல்கியின் நாவலில் வந்தியத்தேவனை உருகி உருகிக் காதலித்த மணிமேகலை, மணிரத்னம் படத்தில் எங்கே என்று மட்டும் அடுத்த வாரம் கேட்டுவிடாதீர்கள். மூன்றாம் பாகம் எடுத்துவிடப் போகிறார்கள்!