யார் தொட்டது?

"ஃபைல் சர்வருக்குப் போகல சார்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் கணினியைப் பார்க்க மாட்டார். உங்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு அந்தக் கேள்வி வரும்: "கடைசியா யார் தொட்டது?"

ஆடிட்டர் ஆபீஸ்களில் 'சிஸ்டம் பார்த்துக்கிறவர்' என்று ஒருவர் இருப்பாரே, அவர்தான். பதவிக்குப் பெயர் கிடையாது. சர்வர் அறைச் சாவி இடுப்பில் தொங்கும், அதுதான் பதவி.

விசாரணை வரிசைப்படி நடக்கும். முதலில், கடைசியாகச் சேர்ந்த ஆர்ட்டிக்கிள் பையன்.

"தம்பி, நேத்து சாயங்காலம் நீதானே சேவ் பண்ணே?"

"ஆமா சார்."

"பண்ணிட்டு?"

"வீட்டுக்குப் போனேன் சார்."

இந்தப் பதிலில் ஏதோ ஒளிந்திருப்பதாக அவருக்குப் படும். அடுத்து ஜிஎஸ்டி பார்க்கும் மேடம். "நீங்க பென்டிரைவ் ஏதாவது சொருகினீங்களா?" மேடம் கடைசியாகச் சொருகியது மகள் கல்யாண ஆல்பத்துக்கு, அதுவும் போன தை மாதம். "தையிலயா?" என்று அதையும் மனத்தில் குறித்துக்கொள்வார்.

இவ்வளவு நேரமும் திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி ஒன்று கேட்பாரற்றுக் கிடக்கும். அதைத் தட்டினால் காரணம் எழுதியிருக்கும். தட்ட மாட்டார். எரர் பெட்டி தானாகவே எழுந்து வந்தாலும், முதல் வரியை நாம் படிப்பதற்குள் ஓகே அழுத்திவிடுவார். "என்ன சார் போட்டிருந்தது?" "வழக்கமா வர்றதுதான்."

வேடிக்கை என்னவென்றால், யார் தொட்டது என்பதை எக்செல்லே சொல்லும். ஒருவர் ஃபைலைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் மறைவாக ஒரு குட்டி ஃபைல் முளைக்கும். திறந்தவர் பெயர் அதில் பதிவாகும். மூடும்வரை, திறந்த ஃபைல் சர்வருக்கு ஏறாமல் அடம்பிடிப்பதும் உண்டு. அடுத்தவர் திறக்கப் போனால், இன்னார் வைத்திருக்கிறார் என்று பெயரைக் காட்டிவிடும். எங்கள் ஆபீசில் எந்த ஃபைலைத் திறந்தாலும் 'அட்மின்' வைத்திருப்பார். மென்பொருள் போட்டபோது பயனர் பெயர் கேட்ட இடத்திலெல்லாம் எல்லாக் கணினியிலும் இவர் அடித்தது அட்மின். ஊர் முழுவதையும் ஒரே பெயரில் வாக்காளர் பட்டியலில் ஏற்றிவிட்டு, கள்ள ஓட்டுப் போட்டவனைத் தேடுகிற கதை.

ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கி, ஃபைல் பாதைக்கு விண்டோஸ் வைத்திருக்கும் 260 எழுத்து வரம்பைத் தாண்ட வைப்பதும் அவர் கைவண்ணம்தான். அது தனிக் கச்சேரி.

ஆனால் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. ரிசப்ஷன் கணினியில் செய்த திருத்தம் எதுவும் நிற்காமல், பழைய ஃபைலே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தது. ராத்திரி மெயினை அணைத்ததும் தேதி பல வருடம் பின்னால் ஓடிவிடும். இன்று திருத்திய ஃபைலுக்குப் பழைய தேதி விழும். எது புதியது என்று தேதியை வைத்து முடிவுசெய்து ஃபைலைச் சர்வருக்கு ஏற்றும் மென்பொருள், சர்வரில் இருந்ததையே புதியது என்று எடுத்துக்கொண்டது. இது தெரிவதற்கு முன் இவர் விசாரித்தது, பெருக்கித் துடைக்கும் அக்காவை. "துடைக்கும்போது வயர்ல கை பட்டுச்சா?" எல்லோர் முன்னாலும் கேட்டார். பேட்டரி மாற்றிய பிறகு அந்த அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அந்த மேஜைப் பக்கம் துடைப்பம் போவதில்லை. எனக்கு இவர்மேல் இருக்கும் கோபம் அதுதான்.

இருந்தாலும் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கெடு நாளில், சர்வர் படுத்துக்கொண்டால் ராத்திரிச் சாப்பாட்டை மறந்து தரையில் வயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரும் அவர்தான். எப்படியோ ஃபைல்களை மீட்டுவிடுவார். நன்றி சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டார். "இனிமே யாரும் தொடாதீங்க" என்பார்.

உங்கள் ஆபீசிலும் இவர் இருப்பார். ஆகவே ஒரு யோசனை: எரர் பெட்டி வந்தால் அவரைக் கூப்பிடும் முன் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காரணம் அதில் இருக்கும். இல்லாவிட்டாலும், விசாரணையில் உங்கள் தரப்புக்கு ஒரு சாட்சியாவது இருக்கும்.